வெள்ளைக் கயிறும் குரங்கு வைரஸும்

சென்ற மாதம் என் சித்தப்பா மகள் தனக்கு வாட்ஸாப்பில் வந்த ஒரு செய்தியை எனக்கு அனுப்பி, அதன் கீழே "அண்ணா, அப்பாவுக்கு வந்தது இதனாலதானா?" என்று கேட்டிருந்தாள். பழைய போலியோ தடுப்பூசிகளில் எஸ்.வி.40 என்ற குரங்கு வைரஸ் கலந்திருந்தது என்றும், மீசோதீலியோமா என்னும் புற்றுநோயை உண்டாக்குவது அந்த வைரஸ்தான் என்றும், பழியை ஆஸ்பெஸ்டாஸ் மேல் போட்டுவிட்டார்கள் என்றும் அந்தச் செய்தி சொன்னது. கைக்குழந்தை வைத்திருப்பவள் அவள். வரப்போகும் போலியோ சொட்டு மருந்து முகாமுக்குக் குழந்தையைக் கொண்டுபோவதில்லை என்று முடிவு செய்திருந்ததையும் அடுத்த வரியிலேயே எழுதியிருந்தாள்.

நான் கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் நடத்துபவன். ஆனாலும் "பொய்ச் செய்தி" என்று ஒரே வரியில் பதில் அனுப்ப என்னால் முடியவில்லை. ஏனென்றால் அந்தச் செய்தியின் முதல் பாதி உண்மை. தடுப்பூசியில் குரங்கு வைரஸ் கலந்திருந்தது. அது விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியது. தேர்ந்த விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் அதை மீசோதீலியோமாவோடு தொடர்புபடுத்தி ஆராய்ந்தார்கள். உண்மையில் தொடங்கி வேறெங்கோ போய் முடிகிற செய்திக்கு விளக்கம் சொல்ல வேண்டுமானால், அது எந்த இடத்தில் தடம் மாறுகிறது என்று காட்டியாக வேண்டும்.

சித்தப்பா கடலூர் முதுநகர்க்காரர். 1979 முதல் 1993 வரை, ஒப்பந்தக்காரர் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருந்த பல ஆலைகளில் லேக்கிங் வேலை செய்தார். பாய்லரிலிருந்து வரும் நீராவிக் குழாய்களின் வெப்பம் வீணாகாதபடி அவற்றின் மேல் ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, அதன் மேல் ஆஸ்பெஸ்டாஸ் பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, தகரம் போர்த்தி முடிக்கும் வேலை அது. பழுது பார்க்க வேண்டி வரும்போது காய்ந்துபோன பழைய பூச்சை உளியால் தட்டி உதிர்ப்பார்கள்; தூசி பறந்தது பெரும்பாலும் அப்போதுதான். சிறுவனாக இருந்தபோது அவர் வீட்டுத் திண்ணையில் அந்தக் கயிற்றின் ஒரு துண்டை நான் கையில் வைத்து விளையாடியிருக்கிறேன். கட்டைவிரல் பருமன் இருக்கும். பஞ்சுபோல மெத்தென்றிருக்கும், முனையைப் பிரித்தால் இழை இழையாகப் பிரிந்துகொண்டே போகும், எவ்வளவு பிரித்தாலும் இன்னும் மெல்லிய ஓர் இழை அதற்குள் இருக்கும். அடுப்பில் போட்டாலும் எரியாது என்று சித்தப்பா பெருமையாகக் காட்டுவார். மாலையில் அவர் வீடு திரும்பியதும் சித்தி அவருடைய காக்கிச் சட்டையை வாங்கிக் கிணற்றடியில் இரண்டு முறை ஓங்கி உதறிவிட்டுத்தான் வாளியில் போடுவார். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் அந்தத் தூசி மினுமினுப்பது அழகாகக்கூட இருக்கும்.

2018-இல் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. வலது பக்கம் நெஞ்சில் நீர் கோத்திருப்பதாகச் சொன்னார்கள். நம் ஊரில் நெஞ்சில் நீர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது டி.பி.; அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, பெரும்பாலான நேரங்களில் அது சரியாகவும் இருக்கும். டி.பி. மாத்திரை சாப்பிட்டார். நீரை எடுத்தார்கள்; திரும்பச் சேர்ந்தது; மறுபடி எடுத்தார்கள். ஐந்து மாதம் கழித்து, விலா எலும்புகளுக்கிடையே குழாய்க் கேமரா செலுத்திச் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்தபோதுதான் நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதீலியோமா என்று தெரிந்தது. அந்த ஐந்து மாதத்தில் ஒருவர்கூட அவரிடம் "முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்கவில்லை. அப்போது அவர் பெட்டிக்கடை வைத்திருந்தார். சீட்டில் தொழில் என்ற இடத்தில் வியாபாரம் என்று எழுதியிருந்தது. 2019-இல் அறுபத்திரண்டு வயதில் இறந்தார்.

இந்த நோய்க்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் உள்ள உறவை உலகம் திட்டவட்டமாக அறிந்தது 1960-இல். தென்னாப்பிரிக்காவின் வடமேற்குக் கேப் பகுதியில், நீல ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கங்களைச் சுற்றி வாழ்ந்தவர்களிடையே கண்ட 33 நோயாளிகளைப் பற்றி வாக்னர் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் அந்த ஆண்டில் எழுதினார்கள். அவர்களில் சிலர் சுரங்கத்தில் வேலையே செய்யாதவர்கள். அருகில் குடியிருந்தவர்கள், அங்கே குழந்தையாக வளர்ந்தவர்கள். அதே 1960-இல்தான் அமெரிக்காவில் ஸ்வீட், ஹில்மேன் என்ற இருவர் போலியோ தடுப்பூசி தயாரிக்கப் பயன்பட்ட குரங்குச் சிறுநீரகச் செல்களில் மறைந்திருந்த ஒரு புதிய வைரஸை அடையாளம் கண்டார்கள். குரங்குகளில் கண்டறியப்பட்ட நாற்பதாவது வைரஸ் என்பதால் அதற்கு எஸ்.வி.40 என்று பெயர். ஒரே ஆண்டில் பிறந்த இந்த இரண்டு கதைகளும் சந்தித்துக்கொள்ள இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

போலியோ வைரஸைப் பெருமளவில் வளர்க்க அப்போது ரீசஸ் குரங்குகளின் சிறுநீரகச் செல்களைப் பயன்படுத்தினார்கள். அந்தக் குரங்குகளின் செல்லில் எஸ்.வி.40 எந்த அடையாளமும் காட்டாமல் இருந்துவிடும். ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் செல்லுக்கு மாற்றினால்தான் செல்லுக்குள் குமிழ் குமிழாக வெற்றிடங்கள் தோன்றி அது தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஊசி மருந்தில் போலியோ வைரஸைக் கொல்லச் சேர்த்த ஃபார்மால்டிஹைடு இதை முழுவதுமாகக் கொல்லவில்லை. அமெரிக்காவில் 1955-க்கும் 1963-க்கும் இடையே போலியோ தடுப்பு மருந்து பெற்றவர்கள் ஒன்பது கோடியே எண்பது லட்சம் பேர். அவர்களில் ஒரு கோடி முதல் மூன்று கோடிப் பேர் வரை கலப்படமான மருந்தைப் பெற்றிருக்கலாம் என்பது மதிப்பீடு. வைரஸைக் கண்டறிவதற்கு முன்பே, 1959-இல், பெர்னிஸ் எட்டி என்ற பெண் விஞ்ஞானி குரங்குச் சிறுநீரகச் சாற்றை ஹாம்ஸ்டர் என்ற எலி வகைக்குச் செலுத்திப் பார்த்துக் கட்டிகள் வருவதைக் கண்டிருந்தார். அவருடைய எச்சரிக்கைக்கு உரிய நேரத்தில் உரிய மதிப்புக் கிடைக்கவில்லை. இன்றும் தடுப்பூசி மேல் ஐயம் கொள்பவர்கள் இந்த நிகழ்ச்சியை எடுத்துக் காட்டும்போது, அவர்களுடைய கோபத்தில் ஒரு பங்கு நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

இரண்டு கதைகளும் சந்தித்தது 1993-இல். எஸ்.வி.40 வைரஸை ஹாம்ஸ்டர்களின் நெஞ்சுறைக்குள் செலுத்தியபோது அவற்றுக்கு மீசோதீலியோமா வந்தது. அடுத்த ஆண்டே மிகேலே கார்போனே என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும், மனித மீசோதீலியோமாக் கட்டிகள் 48-ஐப் பரிசோதித்து அவற்றில் 29-இல் எஸ்.வி.40-ஐ ஒத்த டி.என்.ஏ. துண்டுகளைக் கண்டதாக எழுதினார்கள். பல ஆய்வகங்கள் அதே முடிவைச் சொல்லத் தொடங்கின. உயிரியல் தர்க்கமும் பொருந்திவந்தது. இந்த வைரஸ் பெரிய டி ஆன்டிஜென் என்றொரு புரதத்தை உண்டாக்குகிறது. அது நம் செல்லின் கட்டுக்கடங்காத பெருக்கத்தைத் தடுக்கும் இரண்டு காவல் புரதங்களை, பி53-ஐயும் ஆர்.பி.-யையும், பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் இழை செல்லைக் காயப்படுத்த, வைரஸ் காவலை அகற்ற, இரண்டும் சேர்ந்து புற்றுநோயை உண்டாக்குகின்றன என்பது அந்நாளைய கருதுகோள். செல் வளர்ப்பிலும் எலிகளிலும் அதற்கு ஆதரவான சோதனை முடிவுகள் வந்தன. ஆஸ்பெஸ்டாஸோடு வேலை செய்தவர்களில் சிறு பங்கினருக்கு மட்டுமே மீசோதீலியோமா வருகிறது என்பதால், அந்தச் சிலரைப் பிரித்துக் காட்டும் இரண்டாவது காரணம் ஒன்று இருக்க வேண்டும் என்று தேடியவர்களுக்கு அது இயல்பான விடையாகத் தோன்றியிருக்கும். அந்த ஆண்டுகளில் நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்திருந்தால் நானும் அதை நம்பியிருப்பேன்.

பிறகு என்ன நடந்தது என்பதைச் சொல்வதற்கு முன், நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். கோவிட் காலத்தில் சில மாதங்கள் ஓர் ஆய்வகத்தில் பி.சி.ஆர். பரிசோதனைக்கு உதவியாக இருந்தேன். ஒவ்வொரு தட்டிலும் நோயாளிகளின் மாதிரிகளோடு, வெறும் தண்ணீர் மட்டும் விட்ட ஒரு குழாயையும் வைப்போம். அதில் எதுவும் தெரியக் கூடாது. ஒரு நாள் அதிகாலையில் அந்தத் தண்ணீர்க் குழாயின் கோடு திரையில் மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. அறையில் இருந்த நால்வரும் பேச்சை நிறுத்திவிட்டோம். அந்தத் தட்டின் முடிவுகள் அத்தனையும் வீண். மேசை, பிப்பெட், கையுறைப் பெட்டி வரை துடைத்து, மாதிரிகளை மறுபடி முதலிலிருந்து ஓட்டினோம். ஒரு டி.என்.ஏ. துண்டை நாற்பது சுற்றில் கோடி கோடியாகப் பெருக்கிக் காட்டும் கருவி அது; நோயாளியிடமிருந்து வந்த துண்டு எது, முந்தின நாள் மூடி திறந்த குழாயிலிருந்து பறந்து வந்த துண்டு எது என்று அதற்குத் தெரியாது.

எஸ்.வி.40 விஷயத்தில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. மூலக்கூறு உயிரியல் ஆய்வகங்களில் மரபணுக்களைச் சுமந்து செல்லப் பயன்படும் பிளாஸ்மிட் என்னும் வளைய டி.என்.ஏ.க்களில் மிகப் பலவற்றில், எஸ்.வி.40-இன் துண்டுகளை விஞ்ஞானிகளே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். மரபணுவை இயக்கும் விசையாக அந்தத் துண்டு நன்றாக வேலை செய்யும் என்பதே காரணம். ஆக, உலகின் எந்த ஆய்வகத்தின் மேசையிலும் எஸ்.வி.40-இன் துண்டு கிடக்க வாய்ப்புண்டு. 2001-இல் ஒன்பது ஆய்வகங்களுக்கு 25 மீசோதீலியோமா மாதிரிகளை, எது எதுவென்று சொல்லாமல், ஒப்பீட்டு மாதிரிகளோடு கலந்து அனுப்பிப் பார்த்தார்கள். எந்த மாதிரியிலும் வைரஸ் திரும்பத் திரும்ப உறுதியாகத் தென்படவில்லை. 2004-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு காரணத்தையே தொட்டுக் காட்டியது. முந்தைய ஆய்வுகள் பரவலாகப் பயன்படுத்திய பிரைமர்கள், அதாவது பி.சி.ஆரில் எந்தத் துண்டைத் தேடுவது என்று சுட்டும் சிறு டி.என்.ஏ. இழைகள், வைரஸில் எந்தப் பகுதியைத் தேடினவோ அதே பகுதி சாதாரண ஆய்வகப் பிளாஸ்மிட்டுகளிலும் இருந்தது. பிளாஸ்மிட்டுகளில் இல்லாத பகுதிகளைத் தேடியபோது கட்டிகளில் வைரஸ் ஏறக்குறைய மறைந்துபோனது. அந்தக் கட்டுரையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அதிகாலைத் தண்ணீர்க் குழாய்தான் நினைவுக்கு வரும்.

வைரஸ் உடலுக்குள் வந்துபோனதன் அடையாளமாக இரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடியவர்களுக்கும் இதே போன்ற குழப்பம் நேர்ந்தது. மனிதர்களில் பெரும்பாலோர் குழந்தைப் பருவத்திலேயே பி.கே., ஜே.சி. என்ற இரண்டு உறவுக்கார வைரஸ்களைச் சந்தித்துவிடுகிறோம். அவற்றுக்கு எதிராக உண்டான எதிர்ப்பொருள்கள் எஸ்.வி.40-ஓடும் சற்று ஒட்டிக்கொள்ளும்.

ஆய்வக வாதங்களைவிட என்னை அதிகம் நம்பவைத்தது மக்கள் தொகைக் கணக்குதான். தடுப்பூசி ஆண் குழந்தைகளுக்கும் பெண் குழந்தைகளுக்கும் ஒன்றாகத்தான் போடப்பட்டது. வைரஸ் இந்த நோயின் முக்கியக் காரணமாக இருந்திருந்தால், அந்தத் தலைமுறை ஆணும் பெண்ணும் வயதாக ஆக இருவரிடத்திலும் நோய் உயர்ந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் நோய் ஏறியது வயதான ஆண்களிடம், கப்பல் கட்டும் தளத்திலும் குழாய்களுக்கு லேக்கிங் செய்யும் வேலையிலும் இருந்த தலைமுறையிடம். கலப்படமான மருந்தை அதிகம் பெற்ற இளைய வயதினரிடம் அந்த ஏற்றம் காணப்படவில்லை. டென்மார்க்கில் குழந்தைப் பருவத்தில் அந்தத் தடுப்பூசி பெற்றவர்களைப் பல பத்தாண்டுகள் பதிவேடுகளின் வழியாகத் தொடர்ந்தும், புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. பின்லாந்திலும் துருக்கியிலும் மீசோதீலியோமாக் கட்டிகளில் வைரஸைத் தேடியபோது அது கிடைக்கவில்லை. நோயோ வைரஸின் துணை இல்லாமல் அங்கே இருந்துகொண்டுதான் இருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, எஸ்.வி.40-ஐ மனிதருக்குப் புற்றுநோய் தருமா என்று வகைப்படுத்த இயலாத மூன்றாம் தொகுதியில் வைத்தது. ஆஸ்பெஸ்டாஸோ, அதன் எல்லா வகைகளும், ஐயத்துக்கிடமில்லாத முதல் தொகுதியில் இருக்கிறது.

மூன்றாம் தொகுதி என்றால் "நிரபராதி" என்று பொருளில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். விலங்குகளில் அந்த வைரஸ் புற்றுநோய் தருவது உண்மை. மனிதர்களில் எங்கோ ஒரு சிலரிடம் அது துணைபோயிருக்கக் கூடும் என்ற சாத்தியத்தை எந்தக் கணக்கும் முற்றாக அழித்துவிட முடியாது. ஆனால் அப்படித் துணைபோயிருந்தாலும் ஆஸ்பெஸ்டாஸின் பங்கு ஓர் இம்மியும் குறையாது. செய்தியை எழுதியவர் கோட்டைவிட்டது இந்த இடத்தில்தான். நுரையீரல் புற்றுநோயையே பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் லேக்கிங் தொழிலாளர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர் செலிகாஃப் குழுவினர் 1979-இல் வெளியிட்ட கணக்கில், ஆஸ்பெஸ்டாஸ் வேலையும் புகைப்பழக்கமும் இல்லாதவரோடு ஒப்பிட்டால், ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் உள்ளவருக்கு ஆபத்து சுமார் 5 மடங்கு, புகைப்பவருக்குச் சுமார் 11 மடங்கு, இரண்டும் உள்ளவருக்கு 50 மடங்குக்கும் மேல். சிகரெட்டைச் சேர்த்ததால் ஆஸ்பெஸ்டாஸின் கேடு கூடியதே தவிரக் குறையவில்லை. (மீசோதீலியோமாவுக்குப் புகைபிடிப்பதோடு தொடர்பில்லை. சித்தப்பா பீடி பிடித்தார் என்பதற்காகச் சித்தி அவரைக் கடைசிவரை திட்டியதை நினைத்தால் மனம் வலிக்கிறது.)

இரண்டாவது காரணத்தைத் தேடிய தேடலும் வீணாகிவிடவில்லை. 2011-இல், மீசோதீலியோமா அடிக்கடி வந்த இரண்டு அமெரிக்கக் குடும்பங்களில் பி.ஏ.பி.1 என்ற மரபணுவில் பரம்பரையாக வரும் பழுது இருப்பது தெரியவந்தது. அந்த ஆய்விலும் கார்போனேயின் பெயர் இருக்கிறது. இந்த விடை மற்ற ஆய்வகங்களின் சோதனையிலும் நிலைத்து நின்றது. துருக்கியின் கப்படோசியா கிராமங்களில் வீடு கட்டிய கல்லிலேயே எரியோனைட் என்ற இழைக் கனிமம் இருந்ததால் குடும்பம் குடும்பமாக இந்த நோய் வந்தது. மரபணு எதுவானாலும், எங்கும் கையில் அகப்படுவது நெஞ்சுறையில் போய்ச் செருகிக்கொண்ட ஓர் இழைதான். அதை விழுங்கிச் செரிக்க வரும் வெள்ளணு, தன்னைவிட நீளமான அந்த இழையை முழுதாக விழுங்க முடியாமல் நச்சுப் பொருள்களைக் கக்கிக்கொண்டே மடிகிறது, இன்னொன்று வருகிறது, அதுவும் மடிகிறது. இப்படி இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள்.

சித்தப்பாவின் விஷயத்தில் இவ்வளவு சுற்றி வரவேண்டிய அவசியம்கூட இல்லை. அவர் 1957-இல் பிறந்தவர். இந்தியாவில் குழந்தைகளுக்கான விரிவான தடுப்பூசித் திட்டம் தொடங்கியதே 1978-இல். அவருடைய இடது கையில் இருந்தவை அம்மை குத்திய இரண்டு வட்டத் தழும்புகள். போலியோ மருந்து எதையும் தன் பிள்ளைகளுக்குப் போட்டதாகப் பாட்டிக்கு நினைவில்லை. தங்கையிடம் இதைச் சொன்னபோது நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்தக் கயிறுதான், இல்லண்ணா?" என்றாள். ஆமாம் என்றேன்.

1995-இல் உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் ஒவ்வொருவருடைய உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நோய் எவ்வளவு தாமதித்து வரும் என்பதை அறிந்து எழுதிய தீர்ப்பு அது. சித்தப்பாவுக்குப் பதிவு எதுவும் இல்லை. ஒப்பந்தக்காரரின் நோட்டில் அவர் பெயரும் அன்றைய கூலியும் இருந்திருக்கும். அந்த நோட்டு எங்கே என்று கேட்க இன்று ஆளில்லை. வேலைக்குச் சான்று இல்லாத ஒருவருடைய நோய்க்கு வைரஸ் காரணம் என்று யாராவது சொன்னால், மறுத்துச் சொல்ல அவர் பக்கம் ஒரு தாள்கூட இருக்காது. இந்தச் செய்தி என்னைக் கலங்கவைத்தது இதனால்தான்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது பறந்து நொறுங்கிய கூரை ஷீட்டுகள் தெருத்தெருவாகக் கிடந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சிமெண்டில் பிணைந்த ஆஸ்பெஸ்டாஸ் சும்மா கிடக்கும்வரை அதிகம் உதிராது. உடைக்கும்போதும், அறுக்கும்போதும், காய்ந்த துடைப்பத்தால் கூட்டும்போதும்தான் இழை பறக்கிறது. அன்று நாங்கள் எல்லோரும் காய்ந்த துடைப்பத்தால்தான் கூட்டினோம். இன்றும் பழைய ஷீட்டைக் கழற்றுபவர்கள் சக்கரம் வைத்து உலர அறுக்கிறார்கள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி நனைத்துவிட்டு, முழு ஷீட்டாகவே இறக்கச் சொல்லுங்கள். நான் தெருவில் பார்க்கிறபோதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்ட, மேற்கு வங்கத்து ஹவுரா மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிறுமி. போலியோவால் கால் சூம்பியவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்து வளர்ந்தவன் நான். தங்கைக்கு அந்த நினைவு இல்லை. முகாம் நடந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவளே குழந்தையை அங்கன்வாடிக்குத் தூக்கிப் போய், சுண்டு விரலில் மை வைத்த கையைப் படமெடுத்து அனுப்பினாள்.

அன்று மாலை முதுநகர் போயிருந்தேன். சித்தப்பாவின் வேலை வரலாற்றைச் சித்தியின் நினைவிலிருந்தாவது ஒரு தாளில் எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தோம். எந்த ஆண்டு, எந்த ஆலை, பாய்லர் அறைக்கு உள்ளேயா வெளியேயா, உடன் யார் யார் வேலை செய்தார்கள். சித்திக்குத் தேதிகள் நினைவில்லை. மூத்தவள் பிறந்த வருஷம், பெரிய வெள்ளம் வந்த வருஷம் என்றுதான் சொன்னார். உடன் வேலை செய்தவர்கள் என்று ஐந்து பெயர் சொன்னார். இருவர் உயிரோடு இருக்கிறார்கள். பாதித் தாள் நிறைந்தபோது எழுதுவதை நிறுத்தச் சொல்லி, "அந்தச் சட்டையெல்லாம் நான்தானேப்பா தொவைச்சேன்" என்றார்.

லண்டன் ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் வீட்டாருக்கும் இந்த நோய் வந்ததை 1965-லேயே எழுதியிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கிணற்றடியை நினைவில் வைத்திருந்த நான், இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூடச் சித்தியை அந்தக் கணக்கில் சேர்த்துப் பார்த்ததில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் அவர் பெயரை எழுதி, அதன் கீழே "வேலைச் சட்டை உதறித் துவைத்தது, 1979 முதல் 1993 வரை" என்று எழுதினேன். வரும் வியாழக்கிழமை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளையும் கொண்டுபோகிறோம்.